துணிக்குள் ஒரு தூக்கம்: கைக்குழந்தையைச் சுற்றிக் கட்டிய கதை

மணலி புதுநகரிலோ, திருவொற்றியூரிலோ, எண்ணூரிலோ ஒரு வீட்டில் புதிதாகக் குழந்தை பிறந்திருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்ப சுலபம். துணி காயும் கொடியைப் பார்த்தால் போதும். சதுரம் சதுரமாகக் கிழித்த பழைய வேட்டித் துண்டுகளும், வெளுத்துப் போன பருத்திப் புடவைத் துண்டுகளும் வரிசையாகத் தொங்கும்.

அந்த வீட்டுக்குள் போனால் ஒரு சண்டையும் கேட்கும். "கை காலை நல்லா சேத்து சுத்துடீ, அப்போதான் பயப்படாம தூங்கும்" என்று ஆயா சொல்லும் (வடசென்னையில் பாட்டிதான் ஆயா). தடுப்பூசி போட வந்த நர்ஸ் அக்காவோ "இந்த வேக்காட்டுல எதுக்கும்மா இவ்ளோ துணி, கழட்டி விடுங்க" என்பார். குழந்தையின் அம்மா நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பார்.

இது ஏதோ ஒரு தெருவில் நடக்கும் சின்ன சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். கைக்குழந்தையைத் துணியில் சுற்றுவதா, வேண்டாமா என்ற சண்டைக்கு சுமார் 2000 வருட வயது! ரோமாபுரி மருத்துவர்கள், பிரெஞ்சுத் தத்துவ ஞானிகள், ஜப்பானிய எலும்பு மருத்துவர்கள் என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் இதில் கலந்துகொண்டிருக்கிறார்கள். இதில் பல்லாயிரம் குழந்தைகளின் உயிரும் போயிருக்கிறது. அந்தக் கதைதான் இது.

முதலில், குழந்தை ஏன் தூக்கிப் போடுகிறது?

பிறந்த குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தால், நன்றாகத் தூங்கிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று இரண்டு கைகளையும் விரித்து, பிறகு எதையோ கட்டிப் பிடிப்பது போல உள்ளே இழுத்து, வீல் என்று அழும். "தூக்கித் தூக்கிப் போடுது", "கனவு கண்டு பயந்துக்குது" என்று வீட்டில் சொல்வார்கள். சிலர் உடனே தாயத்துக் கட்டவும் கிளம்பிவிடுவார்கள்.

உண்மையில் இது பயமும் இல்லை, கனவும் இல்லை. எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர் ஜெர்மனியில் 1918ல் இதை விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே இதை 'மோரோ அனிச்சைச் செயல்' என்கிறார்கள். தலை லேசாகப் பின்னால் சாய்ந்தாலோ, சத்தம் கேட்டாலோ கைகள் தானாக விரியும். ஆரோக்கியமான எல்லாக் குழந்தைக்கும் இது இருக்கும். இல்லாவிட்டால்தான் டாக்டர் கவலைப்படுவார். சில மாதங்களில் தானாக மறைந்துவிடும்.

இங்கேதான் துணியின் வேலை வருகிறது. வயிற்றுக்குள் குழந்தை நெருக்கமான இடத்தில் மடங்கி இருந்தது. வெளியே வந்ததும் நான்கு பக்கமும் வெட்டவெளி. துணியால் சுற்றும்போது கைகள் விரிந்து அடிப்பது குறைகிறது, அதனால் குழந்தை தானே தன்னை எழுப்பிக்கொள்வதும் குறைகிறது. சுற்றிய குழந்தை கூடுதல் நேரம் தூங்குகிறது, அழுகையும் குறைகிறது என்பதை இன்றைய ஆய்வுகளும் ஒத்துக்கொள்கின்றன. ஆக, ஆயாவின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்குத்தான் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

கட்டினால்தான் மனிதன், இல்லாவிட்டால் விலங்கு!

இத்தாலியில் பழைய கோயில் இடிபாடுகளைத் தோண்டியபோது நிறைய சுட்ட மண் பொம்மைகள் கிடைத்தன. நம் ஊர் அய்யனார் கோயிலில் நேர்த்திக்கடனாக வைக்கும் மண் குழந்தை மாதிரியேதான். ஒரே ஒரு வித்தியாசம். அந்தப் பொம்மைக் குழந்தைகள் கழுத்திலிருந்து பாதம் வரை துணிப் பட்டையால் இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கும். முகம் மட்டும் வெளியே தெரியும். லூக்காவின் சுவிசேஷத்திலும் மரியாள் தன் குழந்தையைத் துணிகளில் சுற்றிக் கிடத்தியதாக வருகிறது. அந்தக் கால மத்தியதரைக்கடல் நாடுகளில் இது சர்வ சாதாரணம்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த சொரானஸ் என்ற கிரேக்க மருத்துவர், பட்டையை எந்தக் கையில் ஆரம்பித்து எப்படிச் சுற்ற வேண்டும் என்று பாடப்புத்தகம் மாதிரி எழுதி வைத்தார். ஆனால் அவர் நோக்கம் தூக்கம் இல்லை. குழந்தையின் உடம்பு பச்சை மண் மாதிரி, இப்போதே பிடித்து நேராக்காவிட்டால் கோணிப் போகும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை.

இந்த நம்பிக்கை எவ்வளவு நாள் ஓடியது தெரியுமா? சுமார் 1600 வருடம்! 1668ல் பிரான்சின் புகழ்பெற்ற பிரசவ மருத்துவர் ஃபிரான்சுவா மோரிசோ, குழந்தையைச் சுற்றிக் கட்டாவிட்டால் அது நிமிர்ந்து நிற்கப் பழகாது, விலங்குகள் மாதிரி நான்கு காலில் போகும் என்று எழுதினார். அவர் முட்டாள் இல்லை. தன் காலத்தின் பெரிய நிபுணர். ஆனால், கட்டாத குழந்தைகள் உண்மையிலேயே அப்படி ஆகின்றனவா என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கதை முழுக்க இதே தப்புதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

ஆணியில் தொங்கிய மூட்டைகள்

1748. சென்னைப் பட்டணம் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அதே வருடம் லண்டனில் வில்லியம் காடகன் என்ற மருத்துவர் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்க்கும் விடுதி ஒன்று லண்டனில் இருந்தது. அதன் நிர்வாகிகளுக்கு எழுதிய கடிதம்தான் அந்தப் புத்தகம்.

காடகன் நேரடியாகத் தாக்கினார். குழந்தைக்குத் தேவையில்லாத துணியை மேலே மேலே சுற்றுகிறார்கள், அது அசையக்கூட முடியாமல் கிடக்கிறது, வயிறும் நெஞ்சும் அழுந்துகின்றன என்றார். சின்னத் தொந்தரவு வந்தால் கூட, பழந்துணி மூட்டை போலக் குழந்தையை ஆணியில் மாட்டிவிட்டு வளர்ப்புத் தாய் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள் என்று பின்னாளில் ரூசோ எழுதினார்.

படிக்கவே பகீர் என்கிறது இல்லையா? ஆனால் இதன் பின்னால் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. ஐரோப்பிய நகரங்களில் அப்போது குழந்தைகளைக் கிராமத்துக் கூலித் தாய்மார்களிடம் அனுப்புவது வழக்கம். அந்தப் பெண்ணுக்கு வயல் வேலை, வீட்டு வேலை எல்லாம் இருக்கும். இறுகக் கட்டிய குழந்தை நகராது, அடுப்பில் விழாது. ஒரு ஆளே பல வேலை பார்க்கலாம். கூலி குறைவு, வேலை அதிகம், அதனால் துணி இறுக்கம்!

அடுத்த வருடமே, அதாவது 1749ல், பிரெஞ்சு இயற்கையியலாளர் பூஃபோன் தன் பெரிய நூல் வரிசையில் இதே விஷயத்தைத் தொட்டார். ஐரோப்பியர்கள் குழந்தையை இப்படிக் கட்டிப் போடுகிறார்களே, சயாம்காரர்கள், ஜப்பானியர்கள், இந்தியர்கள் இன்னும் பலரும் குழந்தையை வெறும் உடம்போடு தொங்கும் பருத்திப் படுக்கையில் போடுகிறார்களே என்று ஒரு பட்டியல் கொடுத்தார். அந்தப் பட்டியலில் எல்லாமே சரி என்று சொல்ல முடியாது (ஜப்பான் பற்றிய வேறு ஒரு விஷயம் பின்னால் வருகிறது). ஆனால் 'தொங்கும் பருத்திப் படுக்கை' என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தூளிதான்!

1762ல் ரூசோ தன் 'எமில்' நூலில் இந்த வாதங்களை எடுத்துக்கொண்டு முழங்கினார். மனிதன் பிறந்தவுடன் துணியில் கட்டப்படுகிறான், செத்தவுடன் பெட்டியில் அடைக்கப்படுகிறான் என்ற பொருளில் அவர் எழுதியது ஐரோப்பா முழுக்கப் பரவியது. படித்த குடும்பங்களில் கட்டும் பழக்கம் மெல்லக் குறைந்தது. ஒரு முரண் என்னவென்றால், குழந்தை வளர்ப்புக்கு வழிகாட்டிய இந்த ரூசோ தன் சொந்தக் குழந்தைகள் 5 பேரையும் அனாதை விடுதியில் விட்டவர்!

நம்ம ஊர் வழி: தூளி

தமிழ்நாட்டில் குழந்தையைப் பட்டைத் துணியால் மம்மி மாதிரி இறுக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. பிறந்த சில வாரங்கள் பழந்துணியில் லேசாகப் பொதிந்து வைப்பார்கள், அவ்வளவுதான். காரணம் வானிலை. பனி கொட்டும் ஊரில் 5 சுற்றுத் துணி தேவைப்படலாம். கத்திரி வெயிலில் ஒரு சுற்றே அதிகம்.

தூக்கத்துக்கு இங்கே இருந்த ஏற்பாடு தூளி. சில ஊர்களில் ஏணை என்பார்கள், யாழ்ப்பாணத்திலும் அதே பெயர்தான். உத்தரத்திலோ, கொக்கியிலோ, வேலை செய்யும் இடத்தில் மரக்கிளையிலோ ஒரு பழைய புடவையை மாட்டினால் தூளி தயார். செலவு பூஜ்யம். குழந்தை வரம் வேண்டிக் கோயில் மரத்தில் குட்டித் தொட்டில் கட்டுவது வரைக்கும் இது நம் வாழ்க்கையில் ஊறிப்போன விஷயம்.

துணி சுற்றுவது செய்யும் வேலையைத் தூளியும் செய்கிறது என்பது கவனிக்க வேண்டியது. புடவை இரண்டு பக்கமும் அணைப்பதால் கைகள் விரிந்து அடிக்க இடமில்லை. கூடவே ஆட்டமும் உண்டு. ஆனால் கால்களை யாரும் நீட்டிக் கட்டுவதில்லை. முழங்கால் மடங்கி, தவளை மாதிரிக் கொஞ்சம் விரிந்தே இருக்கும். கொஞ்சம் வளர்ந்த பிறகு இடுப்பில் வைத்துத் தூக்கும்போதும் கால்கள் விரிந்தே இருக்கும். இந்த மடங்கிய கால் எவ்வளவு பெரிய விஷயம் என்பது 1970களில்தான் உலகத்துக்குப் புரிந்தது.

பழைய தமிழ் இலக்கியத்திலும் ஒரு பொருத்தம் உண்டு. பிள்ளைத்தமிழில் குழந்தையின் வளர்ச்சியைப் 10 பருவமாகப் பிரிப்பார்கள். அதில் செங்கீரைப் பருவம் 5ஆம் மாதத்தைச் சேர்ந்தது. குழந்தை ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுகிற பருவம். குழந்தை அசைவதையே ஒரு பருவமாக வைத்துக் கொண்டாடிய மரபு இது. கட்டிப் போட்ட குழந்தைக்குச் செங்கீரை ஏது?

அதற்காகத் தூளி முழுக்கப் பாதுகாப்பானது என்று மார்தட்டிக்கொள்ளவும் முடியாது. மிகச் சின்னக் குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தூளியின் வளைவில் தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டால் மூச்சு தடைபடலாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் தூளியைச் சுழற்றி விளையாடும்போது புடவை கழுத்தில் முறுக்கி இறந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மலேசியாவிலும் சாரோங் துணித் தொட்டிலிலிருந்து விழுந்து காயம்பட்ட குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பழசு என்பதால் மட்டும் எதுவும் நல்லது ஆகிவிடாது.

ஜப்பான் பாட்டிகள் செய்த புரட்சி

இப்போது ஜப்பான். அங்கே பல காலமாகக் குழந்தையின் இடுப்பையும் முழங்காலையும் நீட்டி, நேராக வைத்துத் துணி கட்டும் பழக்கம் இருந்தது. அங்கே இன்னொரு பிரச்சனையும் இருந்தது. பிறக்கும் குழந்தைகளில் 100க்கு 1 முதல் 3 பேருக்கு மேல் இடுப்பு மூட்டு நழுவியிருந்தது. தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்புக் குழியில் சரியாக உட்காமல் வெளியே வந்துவிடும். கவனிக்காவிட்டால் வாழ்நாள் முழுக்க நொண்டி நடக்க வேண்டியதுதான். பிறவிக் குறை, பரம்பரை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

ஆனால் எலும்பு மருத்துவர் இஷிதாவும் அவர் கூட்டாளிகளும் வேறு மாதிரி யோசித்தார்கள். பிறந்த குழந்தையின் இடுப்புக் குழி இன்னும் குருத்தெலும்புதான். 9 மாதம் மடங்கியிருந்த காலைத் திடீரென்று இழுத்து நீட்டிக் கட்டினால், தசை இழுக்கிற இழுப்பில் பந்து குழியை விட்டு வெளியே தள்ளப்படும். அப்படியானால் இது பிறவியில் வந்தது இல்லை, கட்டியதால் வந்தது!

1975ல் நாடு தழுவிய பிரச்சாரம் ஆரம்பமானது. கால்களை நீட்டிக் கட்டாதீர்கள், மடங்கி விரிந்திருக்க விடுங்கள் என்பதே செய்தி. யாருக்குச் சொன்னார்கள் என்பதுதான் ரொம்ப முக்கியம். குறிப்பாகப் பாட்டிகளுக்கு! ஏனென்றால் வீட்டில் துணி கட்டுவது பாட்டிதான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதன் பலன், 1.1 முதல் 3.5 சதவீதம் வரை இருந்த இடுப்பு நழுவல் 0.2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருந்து கிடையாது, அறுவை சிகிச்சை கிடையாது. துணி கட்டும் விதம் மட்டும்தான் மாறியது.

குப்புறப் படுத்த தலைமுறை

ஜப்பான் கதை சந்தோஷமானது. அடுத்தது அப்படி இல்லை.

மேற்கு நாடுகளில் துணி சுற்றுவது பெரும்பாலும் நின்றுபோன பிறகு, தூக்கிப் போடும் குழந்தையைத் தூங்க வைப்பது எப்படி? குப்புறப் போட்டால் தூக்கிப் போடாது, ஆழ்ந்து தூங்கும். பால் கக்கினால் மூச்சுக் குழாயில் போகாது என்றும் ஒரு நம்பிக்கை. அமெரிக்காவில் குழந்தை வளர்ப்பின் வேதப் புத்தகம் மாதிரி விற்ற டாக்டர் ஸ்பாக்கின் நூல், 1950களின் பிற்பகுதியில் குப்புறப் படுக்க வைப்பதைப் பரிந்துரைத்தது. நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

ஆனால் தொட்டிலில் நல்லபடியாகத் தூங்கப் போன குழந்தை காலையில் உயிரோடு இல்லை என்ற செய்திகள் பெருகின. நோய் இல்லை, காயம் இல்லை. 'தொட்டில் மரணம்' என்று பெயர் வைத்தார்கள். எத்தனையோ தாய்மார்கள் மேல் சந்தேகம் விழுந்தது.

1980களின் கடைசியில் நெதர்லாந்து, பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆய்வாளர்கள் ஒப்பிட்டு எண்ணிப் பார்த்தார்கள். இறந்த குழந்தைகளில் குப்புறப் படுத்தவை மிக அதிகம். 1991ல் பிரிட்டனில் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்ற பிரச்சாரம் தொடங்கியது. தன் மகனை அப்படி இழந்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்ட் அதன் முகமாக நின்றார். ஒன்றிரண்டு வருடத்திலேயே அந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. அமெரிக்காவில் 1994ல் இதே பிரச்சாரம் வந்தது. அங்கே 1990ல் 1 லட்சம் பிறப்புக்குச் சுமார் 130 ஆக இருந்த திடீர் சிசு மரணம், 2020ல் சுமார் 38 ஆனது.

2005ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளை எல்லாம் ஒரே பேரேட்டில் கூட்டிப் பார்த்தார்கள். குப்புறப் படுப்பது ஆபத்து என்பது 1970லேயே அந்த எண்களில் தெரிந்திருக்கிறது! அப்போதே யாராவது கூட்டிப் பார்த்திருந்தால் பிரிட்டனில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளையும் காப்பாற்றியிருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். வணிகவியல் மாணவர்கள் 'கணக்குதானே, அப்புறம் டேலி பண்ணிக்கலாம்' என்று சொல்வதற்கு முன் இந்த எண்ணை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

துணி திரும்பி வந்தது

மல்லாக்கப் படுத்த குழந்தை பிழைத்தது. ஆனால் பழையபடி தூக்கிப் போட்டு எழுந்தது! தூக்கமில்லாத பெற்றோர்கள் மறுபடி துணியைத் தேடினார்கள். 2002ல் அமெரிக்க மருத்துவர் ஹார்வி கார்ப் எழுதிய புத்தகம் குழந்தையைச் சுற்றுவதை மீண்டும் பிரபலமாக்கியது. கடைகளில் ஜிப் வைத்த, வெல்க்ரோ ஒட்டிய துணிகள் எல்லாம் வந்தன.

துணி சுற்றினால் குழந்தையின் மூளை, குணம் எல்லாம் கெட்டுப் போகுமா என்ற சந்தேகமும் உண்டு. 1949ல் ஜெஃப்ரி கோரர் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர், ரஷ்யர்களின் குணத்துக்கே குழந்தைப் பருவத்தில் அவர்களை இறுக்கிக் கட்டியதுதான் காரணம் என்ற ரீதியில் எழுதினார். மற்ற அறிஞர்கள் இதை 'டயப்பர் சாஸ்திரம்' என்று கிண்டல் அடித்தார்கள். பிறகு மங்கோலியாவின் உலான்பத்தாரில் 1,279 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைச் சுற்றியும் மற்றதைச் சுற்றாமலும் வளர்த்துச் சோதித்தார்கள். 2010ல் முடிவு வெளியானது. மன வளர்ச்சியிலும் உடல் இயக்க வளர்ச்சியிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

அப்படியானால் எல்லாம் சரியா? இல்லை. 2016ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, சுற்றிய குழந்தை குப்புறக் கிடந்தால் திடீர் மரண ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்றது. ஒருக்களித்துப் படுத்தாலும் ஆபத்து உண்டு. கை கட்டப்பட்ட குழந்தை குப்புற விழுந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வழியில்லை. எனவே சுற்றிய குழந்தை மல்லாக்க மட்டுமே படுக்க வேண்டும். புரள ஆரம்பிக்கும் அறிகுறி தெரிந்த அன்றே, பெரும்பாலும் 3, 4 மாதத்தில், சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். செங்கீரைக்கு முன்பே துணிக்கு விடை கொடுத்துவிட வேண்டும்!

வெயில் ஊரிலும் குழந்தைக்குக் குளிரும்

வடசென்னையில் குளிரா என்று சிரிக்கலாம். ஆனால் பிறந்த நிமிடத்தில் குழந்தை ஈரமாக இருக்கும். அந்த ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூடும் கூடவே போகும். அதன் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். எடை குறைந்த குழந்தைக்குக் கொழுப்பும் குறைவு, எனவே சீக்கிரம் சில்லிட்டுப் போகும். அதனால்தான் உடனே துடைத்து, ஈரத் துணியை மாற்றி, அம்மாவின் நெஞ்சில் போட்டு, மேலே உலர்ந்த துணி போர்த்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப் போடவும் சொல்கிறது.

துணிக்கு இங்கே இன்னொரு அவதாரம் உண்டு. 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. எட்கர் ரே, ஹெக்டர் மார்டினெஸ் என்ற இரு மருத்துவர்கள் குறைமாதக் குழந்தையை அம்மாவின் வெறும் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டினார்கள். அதுதான் இன்று 'கங்காரு பராமரிப்பு'. வசதி இல்லாதவர்களின் மாற்று ஏற்பாடாகத்தான் பலர் அதைப் பார்த்தார்கள். 2021ல் இந்தியா உள்பட 5 நாடுகளில் நடந்த ஆய்வு முடிவு வந்தது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் உண்டு. பிறந்த உடனேயே கங்காரு பராமரிப்பு தந்த குழுவில் 28 நாளுக்குள் இறந்தவை 100க்கு 12. நிலைமை சீரான பிறகு அதை ஆரம்பித்த குழுவில் 15.7. சுமார் கால்வாசி உயிரிழப்பு குறைந்தது. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்!

வடசென்னைக் குழந்தைகளில் பல தலைமுறை பிறந்தது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில். 1880ல் தொடங்கிய அந்த மருத்துவமனை, வள்ளல் ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரைத் தாங்கியது. 2015 செப்டம்பரில் தமிழக அரசு, அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் தாய்மார்களுக்கு 16 பொருள் கொண்ட பரிசுப் பெட்டகத் திட்டத்தைத் தொடங்கியது. மதிப்பு 1,000 ரூபாய். துண்டு, உடுப்பு, சிறு படுக்கை, கொசுவலை எல்லாம் அதில் இருந்தன. ஃபின்லாந்து 1938லேயே ஏழைத் தாய்மார்களுக்கு இப்படி ஒரு பெட்டி கொடுக்க ஆரம்பித்து, 1949ல் எல்லாத் தாய்மார்களுக்கும் விரிவாக்கியது. குழந்தை எந்தத் துணியில், எதன் மேல் தூங்குகிறது என்பது அரசாங்கம் கவனிக்க வேண்டிய விஷயமாகிவிட்டது.

சரி, எப்படித்தான் சுற்றுவது?

இத்தனை வருடக் கதையின் சாரத்தை நம்ம ஊர் வேக்காட்டுக்கு ஏற்ற மாதிரிச் சுருக்கினால்:

1. மெல்லிய பருத்தித் துணி, ஒரே ஒரு சுற்று. பழைய வேட்டி அருமையானது. கம்பளி, டர்க்கி டவல், மேலே இன்னொரு போர்வை எல்லாம் வேண்டாம். உள்ளே நாப்கினோ மெல்லிய உடுப்போ போதும்.

2. நெஞ்சுப் பக்கம் கச்சிதம், ஆனால் இரண்டு மூன்று விரல் நுழையும் அளவுக்கு இடம். இடுப்புக்குக் கீழே தாராளம். கால் மடங்கி விரிய வேண்டும். ஜப்பான் பாட்டிகளை நினைத்துக்கொள்ளவும்.

3. துணி தோளுக்கு மேலே ஏறக் கூடாது. தலையையும் முகத்தையும் மூடவே கூடாது.

4. எப்போதும் மல்லாக்க. சமமான, கெட்டியான படுக்கை. தலையணை, பஞ்சு மெத்தை, பொம்மை பக்கத்தில் வேண்டாம். கொசுவுக்கு வலைதான் நல்லது.

5. கழுத்திலும் நெஞ்சிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். வேர்வையோ, கொதிக்கும் சூடோ, வேர்க்குருவோ இருந்தால் உடனே அவிழ்க்க வேண்டும். கரண்ட் போன மே மாத ராத்திரியில் சுற்றவே வேண்டாம்.

6. பால் குடிக்கும் நேரத்தில் துணி வேண்டாம். பசித்த குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சப்பும். கையைக் கட்டிவிட்டால் அந்தச் செய்தி அம்மாவுக்குப் போகாது. விழித்திருக்கும் நேரமும் கை கால் ஆட்டமாக இருக்கட்டும்.

7. புரள முயன்றால் சுற்றுவது அன்றோடு முடிந்தது. கனம் வைத்துத் தைத்த சுற்றுத் துணிகள் எந்த வயதிலும் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022ல் சொல்லியிருக்கிறது.

8. வீட்டுக்குள் சிகரெட், பீடி கூடவே கூடாது. திடீர் சிசு மரண ஆபத்தைக் கூட்டும் விஷயங்களில் புகைக்கு முக்கிய இடம் உண்டு.

சுற்றாமலே நன்றாகத் தூங்கும் குழந்தைக்குச் சுற்ற வேண்டிய அவசியமே இல்லை. காய்ச்சலோ, பால் குடிக்க மறுப்பதோ, துவண்டு கிடப்பதோ இருந்தால் துணியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கடைசியாக

சொரானஸ், மோரிசோ, ரூசோ, ஸ்பாக் எல்லோரும் அறிவாளிகள். எல்லோரும் அடித்துப் பேசினார்கள். கட்டு என்றவர்களும் தப்பு செய்தார்கள், கட்டாதே என்றவர்களின் வழி வந்தவர்களும் குழந்தையைக் குப்புறப் போட்டுத் தப்பு செய்தார்கள். உண்மையில் குழந்தைகளைக் காப்பாற்றியது யாருடைய பேச்சும் இல்லை. எத்தனை இடுப்பு நழுவியது, எத்தனை தொட்டில் காலியானது என்று பொறுமையாக எண்ணியவர்கள்தான்.

எண்ணியது மட்டும் போதவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எண்ணிக் கண்டுபிடித்ததை ஜப்பானியர்கள் எடுத்துக்கொண்டு போனது பாட்டிகளிடம். 'உங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லி அவர்களை ஒதுக்கவில்லை. துணியைப் பிடுங்கவும் இல்லை. காலை மட்டும் மடங்க விடுங்கள் என்று காரணத்தோடு சொன்னார்கள். பாட்டிகளும் கேட்டுக்கொண்டார்கள். ஒரு தலைமுறைக் குழந்தைகள் நேராக நடந்தன. மணலி புதுநகரிலும் துணி கட்டுவது ஆயாதான். சொல்ல வேண்டியதை அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.